உட்காரக் கூடாத நாற்காலி

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. மிரளாதீர்கள்... கோயில் யானை இல்லை, சாமான் ஏற்றும் மினி லாரி. அதன் முதுகில், பிளாஸ்டிக் சுற்றி, கயிறு கட்டி, என் வீட்டுக்காரரின் நாற்காலி. சித்திரை மாதம் என் நாத்தனார் மாலா சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனது.

போனது ஏன் திரும்பி வந்தது? சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணம் ஆகாது.

தேக்கு நாற்காலி. கை வைத்தது, பிரம்பு பின்னியது. ஆபீஸிலிருந்து வந்தால் அவர் அதில்தான். பேப்பர், காபி, கிரிக்கெட், என்னோடு சண்டை – எல்லாம் அதில் உட்கார்ந்தபடியே. அப்போதெல்லாம் இந்த மாலா வந்தால் என்ன சொல்வாள் தெரியுமா? "இந்த ஓட்டை சேரைத் தூக்கிப் போடுண்ணா, மூட்டைப்பூச்சி இருக்கப்போவுது!"

அவர் போன பிறகு நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன். என் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து நானே உறை தைத்தேன். தினமும் துடைப்பேன். யாராவது அதன் பக்கம் போனால், "அந்த சோபாவுல உக்காருங்க" என்று திருப்பி விடுவேன். ஒருநாள் என் மகன் போன் பேசிக்கொண்டே அதில் உட்கார்ந்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

சித்திரையில் மாலா வந்தாள். சென்னையில் புது ஃபிளாட். ஹாலில் 'வின்டேஜ் கார்னர்' செய்கிறாளாம். அதாவது... சொந்த மாமியாரின் மர பீரோவைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு, யார் வீட்டு மாமியாரின் பீரோவையோ ஈசிஆர் பழம்பொருள் கடையில் வாங்கி வந்து வைப்பது. இதற்கு ஒரு இன்டீரியர் டிசைனர் வேறு!

"அண்ணி, அண்ணன் சேரை எனக்குக் குடுங்க. அண்ணன் ஞாபகமா வெச்சிக்கறேன்."

எனக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் கூடப் பிறந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் என்ன செய்வது? "எடுத்துக்கினு போம்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அதோடு விட்டாளா? பையிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்தாள். பழம் பட்டு. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். நம் காஞ்சிபுரத்தில் பழைய பட்டு வாங்கி விற்கிற ஒருவரிடம் பிடித்தாளாம்.

"வின்டேஜ் காஞ்சிவரம், அண்ணி! இதுல சீட்டுக்குக் குஷன் தைச்சிக் குடுங்க. பழந்துணியில நீங்கதான் சூப்பரா தைப்பீங்களே!"

நான் தைத்த ஒட்டுத் துணி மெத்தையைப் பார்த்து, "இன்னா அண்ணி, பிச்சைக்காரி வீடு மாதிரி இருக்குது" என்று சொன்ன அதே வாய்!

புடவையை விரித்தேன். சந்தன வாசனை குப்பென்று அடித்தது. கூடவே கற்பூரம், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. விசிறி மடிப்பின் தடம் அப்படியே இருந்தது. தலைப்பு முழுக்க ஊசி குத்திய ஓட்டைகள், மடிப்புக்குள் குங்குமம். காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? அம்மனுக்குச் சாத்தின புடவை! கோயிலில் ஏலம் விடுவார்கள். எடுத்து, கண்ணில் ஒற்றி, நாள் கிழமைக்குக் கட்டிக்கொள்வோம். அப்படி யாரோ எடுத்தது, எப்படியோ கைமாறி, இவளிடம் வந்திருக்கிறது.

"இதைப் போட்டு உக்காரக் கூடாது மாலா. அம்மன் புடவை."

"ஐயோ அண்ணி, ஸ்டெயின் இருந்தாத்தான் வின்டேஜ்!"

கட்டிக்கொண்டு உட்காரலாம், போட்டுக்கொண்டு உட்காரக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியாது. கத்தரிக்கோல் எடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். இவளும் இதே ஊரில் பிறந்து, இதே கோயிலைச் சுற்றி வந்தவள். டோல்கேட்டைத் தாண்டியதும் எல்லாம் மறந்துபோகுமா?

சென்னையில் வேறு யாரிடமோ கொடுத்துத் தைத்துக்கொண்டாள். போட்டோ வந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலி, பக்கத்தில் பாடாத கிராமபோன், மேலே பட்டப்பகலில் மஞ்சள் லைட். அவர் இருந்திருந்தால், "கரண்ட் பில்லை யார் கட்டறது?" என்று கேட்டிருப்பார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மாலாவின் சம்பந்தியம்மா, மகளின் மாமியார், வந்திருந்தார். அவருக்குப் பிறந்த வீடு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டை. "உக்காருங்க சம்பந்தி, வின்டேஜ் சேர்" என்று மாலா உபசரித்தாள். அந்தம்மா குனிந்தார். குஷனைத் தொட்டார். விரலை முகர்ந்தார். அடுத்த நொடி பட் பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா இது! ஆத்தா புடவையை சீட்டுல போட்டுக்கினு, அது மேல என்னை உக்காரச் சொல்றியே!"

அவ்வளவுதான். ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி தலையிலிருந்த பூவைக் கிள்ளி வைத்தாள். இன்னொருத்தி வாழைப்பழம் வைத்தாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் சமையல்கார அம்மா நாற்காலிக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறாராம். மாலாவின் மாப்பிள்ளை, அம்மனுக்கு எதிரில் சோபாவில் உட்காரக் கூச்சப்பட்டு, தரையில் உட்காருகிறாராம். டிசைனருக்குக் கொடுத்த காசில் ஒரு கோயில்!

அதனால்தான் குட்டி யானை. விடுவேனா? உடனே மாலாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, உக்காரறதுக்குன்னு இருக்கிற நாற்காலிய, யாருமே உக்கார முடியாம பண்ணிட்டியே! உனக்கெல்லாம் எதுக்கும்மா அண்ணன் ஞாபகம்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீங்க மட்டும் இன்னா அண்ணி? அண்ணன் போனதுலேர்ந்து அதுல யாரை உக்கார விட்டீங்க? காரியத்தன்னிக்கு நான் உக்காரப் போனேன். 'அந்த சோபாவுல உக்காரு'ன்னீங்க. அதான் கேட்டு வாங்கிக்கினு போனேன்."

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாய் கிழியப் பேசுகிற நான், போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். குஷனைப் பிரித்து, பட்டுத் துணியை எடுத்து, பூஜை அலமாரிக்குத் திரையாகத் தைத்தேன். பிறகு அவருடைய நீலக் கட்டம் போட்ட லுங்கியை பீரோவிலிருந்து எடுத்தேன். யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. வெட்டும்போது அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்? புதுக் குஷன் தயார். மாலாவுக்கு மறுபடி போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வா, வந்து உங்க அண்ணன் சேர்ல உக்காரு" என்றேன்.

அதற்கு முன்னால் நான் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

அம்மாடி, முதுகு விட்டுப்போயிற்று! இதில் எப்படித்தான் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தாரோ, அந்த மனுஷன்.