மாடி அடுக்களையில் சால்மன்

எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனையைப் பிறகு வாயால் சொல்லிச் சேர்க்க முடியாது. பணிக்காலம் முழுவதும் கோப்பு பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். திருத்தணியில் நான் வாடகைக்கு எடுத்த மாடி வீட்டின் ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று இருந்தது, நாய் வளர்க்கக் கூடாது என்று இருந்தது. மீனைப் பற்றி ஒரு வரி இல்லை. சாவி கொடுத்த அன்று வீட்டுக்காரர், "கவுச்சி மட்டும் வேணாங்க மேடம், மலைய பாத்த வூடு" என்றார். நான் தலையாட்டவில்லை.

என் பெயரில் ஒப்பந்தம் எழுதப்பட்ட முதல் வீடு அது. அதற்கு முன், கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், வெள்ளி எல்லாம் கழித்து மிஞ்சிய நாளில் என்ன குழம்பு என்பதை மாமனார் முடிவு செய்தார். பிறகு கணவர். அவரும் போன பின், என் அடுப்பில் என்ன வேகும் என்பதை நான் மட்டுமே முடிவு செய்வது என்று இருந்தேன்.

தமிழில் பேசும் கொரியத் தொடர் ஒன்றில் என் வயதுப் பெண் ஒருத்தி, யாருக்கும் பரிமாறாமல், ஒரு கிண்ணத்தில் சோறும் அதன் மேல் பளபளக்கும் சால்மன் மீனும் வைத்துக்கொண்டு முதல் ஆளாகச் சாப்பிட்டாள். எனக்கும் அந்தக் கிண்ணம் வேண்டும் என்று தோன்றியது.

அரக்கோணம் மீன்கடைக்காரர், "சால்மன்னா காலா தாங்க" என்று காலா மீனைத் தூக்கிக் காட்டினார். காலா நல்ல மீன்தான், ஆனால் சால்மன் இல்லை. கைபேசியில் படத்தைக் காட்டினேன். மறுவாரம் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் இரண்டு ஆரஞ்சுத் துண்டுகளை வரவழைத்துக் கொடுத்தார். மீனில் தடவும் கொரிய மிளகாய் விழுதை, ஸ்ரீபெரும்புதூரில் கொரியர்களுக்காக நடக்கும் கடையிலிருந்து அக்கா மகள் வாங்கி வந்தாள்.

விழுதோடு சோயா சாஸ், தட்டிய பூண்டு, இஞ்சி, பொடித்த வெல்லம், கொஞ்சம் நல்லெண்ணெய். மீன் முக்கால் வெந்த பிறகுதான் இதைத் தடவ வேண்டும். நான் முதலிலேயே தடவினேன். வெல்லம் தீய்ந்தது. புகை படிக்கட்டில் இறங்கிப் போய் வீட்டுக்காரரை மேலே அழைத்து வந்தது.

"இன்னா மேடம் இது?"

"மீனுங்க."

"மலைய பாத்துகினு மீன் சுடுறீங்களே, நியாயமா?"

"போன ஞாயித்துக்கிழமை அரக்கோணத்துல நீங்க பிரியாணி சாப்டுகினு இருந்தீங்களே?"

"அது வெளிய துன்றதுங்க. வூடு வேற."

"அக்ரிமென்ட்ல காட்டுங்க."

"எல்லாத்தயும் எழுதிகினா இருப்பாங்க? புடிக்கலன்னா காலி பண்ணிக்கோங்க."

"அதையும் எழுத்துல குடுங்க."

அவர் இறங்கிப் போனார். குழைய வடித்த பொன்னி அரிசிச் சோற்றின் மேல் மீனை வைத்து, வெள்ளரித் துண்டும் வறுத்த எள்ளும் தூவி, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஓரமெல்லாம் கசப்பு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் கடிதம் கொடுத்தேன்: எந்த நிபந்தனையின்படி மீனுக்குத் தடை என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். பதில் இல்லை. நினைவூட்டுக்கும் இல்லை. ஆனால் நான் மீன் சமைத்த நாளெல்லாம் கீழே தண்ணீர் மோட்டார் ஓடவில்லை; கேட்டால், "எரிஞ்சி பூச்சி மேடம்" என்பார். இரண்டு டிரம் வாங்கி மொட்டைமாடியில் வைத்தேன். அவை காலியாக இருந்ததே இல்லை. வெல்லமும் அதற்குள் எனக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

ஆடியில் காவடி எடுக்க அவருடைய உறவினர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். தொட்டி வறண்டது. மோட்டாரைப் போட்டால், அது இப்போது உண்மையாகவே எரிந்து போயிருந்தது. அவர் மேலே வந்தார்.

"மேடம், குளிக்கத் தண்ணி..."

"ரெண்டு டிரம் இருக்குது. எடுத்துக்கோங்க."

முருகனுக்குப் போகிறவர்களிடம் நான் பேரம் பேசவில்லை. கடைசிக் குடம் நிரம்பிய பிறகுதான், "என் கடிதம் என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

குடத்தோடு நின்ற அவருடைய அக்கா திரும்பினார். "இன்னாடா கடிதம்? அவங்க தண்ணிய வாங்கிகினு பதில் சொல்லாம நிக்கிற?"

அவர் காகிதம் தேடினார். என் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினார்: 'மீன் சமைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை.' கையெழுத்தும் போட்டார்.

"தேதி போடுங்க" என்றேன்.

"அதான் முன்னாடி அச்சடிச்சிக்குதே மேடம்."

திருப்பிப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை.