அம்மா வைத்த கைநாட்டு

மாட்டுங்காவில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது, 'என் வீட்டில் வாசிப்பு' என்ற தலைப்பில் ஐந்து பக்கம் எழுதிவரச் சொன்னார் எங்கள் பேராசிரியை. சொந்த அனுபவமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. செம்பூரிலிருந்து வரும் பெண்கள் அப்பாவின் புத்தக அலமாரியைப் பற்றி எழுதப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். தாராவியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். ஊர்ப் பெயரைச் சொன்னாலே அந்த வகுப்பில் எல்லோரும் ஒரு கணம் கனிந்துவிடுவார்கள். அந்தக் கனிவுக்கு மார்க் உண்டு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

உண்மையில் எங்கள் வீட்டில் வாசிப்பவள் அம்மாதான். திருநெல்வேலிப் பக்கம் பத்தாவது வரை படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடம். எங்கள் சந்தில் யாருக்கு ஊரிலிருந்து பத்திரமோ நோட்டீசோ வந்தாலும் அவளிடம்தான் வாசிக்கக் கொண்டுவருவார்கள். தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறவள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான்.

ஆனால் நான் எழுதியது இது: என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் ரிப்போர்ட் கார்டில் கைநாட்டுதான் வைப்பாள். என் புத்தகங்களைத் தடவிப் பார்த்து அழுவாள்.

வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். பேராசிரியை அதை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார்.

செமஸ்டர் முடிவில் எங்கள் கட்டுரைகளைப் பலகையில் ஒட்டி, பெற்றோரையும் அழைத்தார்கள். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. பேராசிரியையே நம்பர் தேடி எடுத்து அம்மாவிடம் இந்தியில் பேசியிருக்கிறார். அம்மா லீவு போட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுச்சேலையில் வந்து நின்றாள்.

வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதற்குள் பேராசிரியை வேகமாக வந்தார். கையில் ஆபீஸ் ஸ்டாம்ப் பேட். "சிரமப்படாதீங்க, இதுல வச்சா போதும்" என்று யாருக்கும் கேட்காத குரலில் இந்தியில் சொன்னார். அம்மாவைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்ற அக்கறை அவர் முகத்தில் தெரிந்தது.

அம்மாவுக்குப் புரியவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் அழுத்தினாள். "தேங்க்யூ மேடம்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "ஏட்டி, பலகையில ஒட்டியிருந்த அந்த இங்கிலீஷ் கட்டுரையில என்ன எழுதியிருந்த?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். பஸ் சயான் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"படிக்கத் தெரியாதுன்னு எழுதுனது கூடப் போட்டும். பொஸ்தகத்தப் பாத்து நான் எதுக்குட்டி அழணும்?"

 முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒரு கேள்விகூடக் கேட்காம நானும் நம்பிட்டேனே" என்றார். மார்க்கை அடித்துவிட்டு, திரும்ப எழுதி வரச் சொன்னார். இரண்டாம் முறை உள்ளதை உள்ளபடி எழுதினேன். மார்க் குறைவாகத்தான் வந்தது. 'முந்தையதில் இருந்த உயிர் இதில் இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அதை அம்மாவிடம் சொல்லவில்லை. மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பதை மட்டும் சொன்னேன். வேதபாட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "மேடம் ரொம்பச் சங்கடப்பட்டாங்களோ?" என்றாள்.

"ஆமா."

"பாவம், நல்ல பொம்பள" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் எழுதத் தொடங்கினாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.