வெறும் கிழங்கு கட்லட்

எங்கள் ஊரில் என்னைப் போல் சமைக்க ஆளில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். நாலே நாலு கட்லட்டில் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் வேறு யார்?

யுத்தம் முடிந்து சில வருடங்கள். கற்பிட்டிக் கரையில் அப்பாவுக்குச் சொந்தப் படகு. வீட்டில் மூன்று நேரமும் மீன். பதினைந்து வயது அக்காவுக்கோ மீன், முட்டை, இறைச்சி எதுவும் ஆகாது. கொக்குக்கால். "திண்டா தலைக்குள்ள புகை அடைக்குது" என்பாள்.

"படத்தில வாற பெட்டையள் மாதிரி மெலியப் பாக்கிறா" என்பது சித்தியின் தீர்ப்பு.

தவக்காலத்தில் மட்டும் கதை மாறும். நாங்கள் இறைச்சியை மட்டும் விட, அவள் மீனையும் விடுகிறாளே என்று ஃபாதர் பூசையில் புகழ்ந்தார். நாற்பது நாளைக்கு அவள் புனிதவதி.

உயிர்த்த ஞாயிறன்று திட்டு பழையபடி தொடங்கியது. அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவளைத் தின்னவைத்துக் காட்டுகிறேன் என்று பதினொரு வயதுக்காரி நான் களம் இறங்கினேன். சூரை மீனை அவித்து, தேசிக்காய்ப் புளியாலும் மிளகாலும் வாசத்தை அமுக்கி, கிழங்கோடு பிசைந்து பொரித்தேன்.

"உனக்கெண்டு தனியாச் செஞ்சன். வெறும் கிழங்கு."

"ஆணையா?"

"மாதா மேல ஆணை."

நாலும் தின்றாள். "நீ ஒருத்திதான்டி எனக்கெண்டு சமைக்கிற" என்றாள்.

பின்னேரம் வாந்தி. பிறகு அம்மாவை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். "நடிக்கிறாம்மா!" என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். பொழுது சாய்ந்தபோது எழுப்பியும் எழும்பவில்லை.

என்ன சாப்பிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "வெறும் கிழங்கு. மெலியிறதுக்குப் பட்டினி கிடக்கிறா, டொக்டர்" என்றார் அம்மா. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரவோடு கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அங்கே வேறொரு டொக்டர் கேட்டபோதுதான் வாய் திறந்தேன்: "மீன் போட்டன்." இடையில் போன அந்த ஒரு இரவை மட்டும் எனக்கு இன்றுவரை பகிடியாக்கிச் சிரிக்கத் தெரியவில்லை.

இரத்தத்தைச் சோதித்துவிட்டு டொக்டர் விளக்கினார். மீனிலும் இறைச்சியிலும் உள்ள சத்தின் கழிவை அவள் உடம்பால் வெளியேற்ற முடியாது. அது நஞ்சாகி மூளைக்கு ஏறும். பிறவிக் குறை. மெலியும் ஆசையல்ல, உடம்பே அவளைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அக்கா கண் திறந்தாள்.

அன்று டொக்டர் அம்மாவைக் கேட்டார்: "இது தாய்வழியா வரலாம். ஆம்பிளைப் பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாளிலேயே, பால் குடிக்கத் தொடங்கினதும் கடுமையா வரும். உங்களுக்கு அப்பிடி ஏதும்...?"

எனக்கு முன்னே ஒரு அண்ணா பிறந்து, நாலாம் நாள் போய்விட்டான்.

"ஓம்" என்றார் அம்மா. பிறகு சாரியை இழுத்து மார்பை இறுக்கி மூடிக்கொண்டார்.

எல்லோரும் அம்மாவையே பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.