வால் வெட்டினாலும் வகுபடாத எண்

ஜார்ஜ் டவுனில் கார் எண்ணைப் பார்த்ததும் நாலு நம்பர் லாட்டரி எடுக்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். சாண்ட்ரா வேறு ரகம். எந்த எண்ணைக் கண்டாலும் அது எதனாலாவது வகுபடுமா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். இடைநிலைப் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். வேறு என்ன பைத்தியம் பிடிக்கும்?

அவளுடைய செல்ல எண் 73939133. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டுங்கள்: 7393913. அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டுங்கள், மறுபடியும் பகா எண். இப்படியே 739, 73, 7 வரைக்கும். வாலில் புதிதாக எந்த இலக்கத்தை ஒட்டினாலும் வகுபட்டுவிடும். இந்த வித்தை உள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையவே கிடையாது. யாரும் செய்து வைத்ததில்லை, யாராலும் கலைக்கவும் முடியாது. பூசை நேரத்தில்கூட அதை நினைத்து அவளுக்குப் புல்லரித்ததுண்டு. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னாளா என்பது சாமியாருக்குத்தான் வெளிச்சம்.

பிறகு பக்கவாதம் வந்தது. கையும் காலும் தேறிவிட்டன, கணக்கு தேறவில்லை. தப்பாகப் போடுவதுகூடப் பெரிதில்லை. போட்டது தப்பு என்றே தெரியவில்லை, அதுதான் கொடுமை. நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார் டாக்டர். "எண்பத்து மூணு" என்றாள், சந்தேகமே இல்லாமல். கணவன் மார்க்கின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். தன் தப்பைத் தானே பிடிக்கத் தெரியாத டீச்சர் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது? அதன் பிறகு அவள் எண்கள் பக்கமே திரும்பவில்லை. பள்ளிக்குத் திரும்பும் பேச்சையும் எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் காரை நிறுத்தினான் மார்க். "கியூ நீளமா இருக்குலா. நீ காடியிலயே இரு" என்று நாசி கண்டார் சோறு வாங்கப் போனான்.

முன்னால் நின்ற காரின் எண் 739. சாண்ட்ரா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் போய்விடுமா? தன்னையறியாமல் வகுக்கத் தொடங்கினாள். ஏழால் வகுபடவில்லை. பதினொன்றாலும் இல்லை, பதின்மூன்றாலும் இல்லை. பதினேழு நாற்பத்து மூன்று எழுநூற்று முப்பத்தொன்பது. மிச்சமே இல்லை. வகுபட்டுவிட்டது.

அவளுக்குத் திக்கென்றது. 739 வகுபட்டால் அவளுடைய எண்ணே சரிந்துவிடும். ஆனால் அது சரியாதே! பக்கவாதம் வந்தது அவளுக்கு, எண்ணுக்கு இல்லை. மறுபடியும் பெருக்கினாள். பதினேழு நாற்பது அறுநூற்று எண்பது. பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. கூட்டினால் 731. எட்டு மிச்சம். பத்தொன்பதாலும் இல்லை, இருபத்து மூன்றாலும் இல்லை. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. 739 அசையாமல் நின்றது. எவ்வளவு பெரிய அதிசயம் இது என்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலங்களோடு மார்க் கதவைத் திறந்தபோது அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னா ஆச்சு மா?"

"தப்பு போட்டுட்டேன் மார்க்!" அழுகையும் சிரிப்புமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானே கண்டுபிடிச்சேன். யாருமே சொல்லல."