கதாநாயகியின் வாயில் வராத பெயர்

"யக்கா, செத்த நில்லுங்க. நான் அந்தப் பக்கத்த இன்னும் முடிக்கல."

போன வியாழக்கிழமை சாயல்குடி பஸ்ஸில், என் காதுக்குப் பக்கத்தில் கேட்ட குரல் இது.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். நிரஞ்சன் என்று ஒருவன். மலை மேல் எஸ்டேட் பங்களா. புதுப் பெண்டாட்டி. வெளியே மழை கொட்டுகிறது. அவன் சட்டையில் இரண்டு பொத்தான் கழன்றாகிவிட்டது. மூன்றாவது என்ன ஆகிறது என்று பார்க்கலாமென்று பக்கத்தைத் தள்ளப் போனால்... பக்கத்து சீட்டுப் பெண் தடுக்கிறாள்.

எனக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது. எவ்வளவு நேரமாக இவள் என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டு வருகிறாள்? உத்தரகோசமங்கை விலக்கிலிருந்தா, அதற்கும் முன்னாலேயேவா?

இந்த வயதில் பட்டப்பகலில் பஸ்ஸில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். தேவைதான். தொழில் அப்படி.

நான் காதல் நாவல் எழுதுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். மாதம் ஒன்று வருகிறது. ராமநாதபுரத்தில் உட்கார்ந்து எழுதி சென்னைக்கு அனுப்புவேன். பல வருஷமாக ஒரு குறையும் இல்லை. இந்த முறை எடிட்டர் கீர்த்தனா போன் செய்தாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். நாசூக்காகத்தான் ஆரம்பித்தாள்.

"மேடம், கதை நல்லா இருக்கு. ஆனா உங்க ஹீரோ பாதிப் புத்தகம் வரைக்கும் ஹீரோயினுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டே இருக்கார். கல்யாணம் ஆன அன்னைக்கு ராத்திரியும் பால் ஆறிடும்னு சொல்லிட்டுத் தூங்கிடறார்."

"களைப்பு இருக்காதாம்மா?" என்றேன்.

"வாசகர்களுக்கு இல்லை மேடம். அவங்க எல்லாம் ஆப்ல வேற கதைக்குப் போயிட்டாங்க. அந்த ஒரு அத்தியாயத்தைச் சூடா மாத்திக் குடுங்க. இல்லேன்னா உங்க மாசத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாம்னு இங்க பேச்சு நடக்குது."

என் மாதம். மாதா மாதம் அட்டையில் என் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் நீங்கள். அது இல்லாமல் நான் யார்? உரக்கடைக்காரர் வீட்டம்மா. அவ்வளவுதான்.

அன்றைக்கே ஆப்பை இறக்கி, சூடான நாவல்களாகத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் பாடம் படிப்பது போலத்தான் படித்தேன். எங்கே ஆரம்பிக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், எதைச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள்... பிறகு பாடமெல்லாம் மறந்துபோயிற்று. சோறு அடிப்பிடித்தது. பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்தது. எடுத்தால் வைக்க முடியவில்லை என்றால் வைக்க முடியவில்லைதான்.

சிரிப்பும் வந்தது, மறைப்பானேன்? எல்லாக் கதாநாயகனுக்கும் தாடை இறுகுகிறது. எல்லாக் கதாநாயகியும் கீழுதட்டைக் கடிக்கிறாள். அது என்ன சுவிங்கமா? அப்புறம் அந்த மழை. சொல்லிவைத்தது போல முதலிரவன்று வந்துவிடுகிறது. எங்கள் ஜில்லாவில் மழையை நம்பி முதலிரவு வைத்தால் அந்தத் தம்பதி ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் நன்றாக எழுதுகிறார்கள். ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதற்கு முக்கால் பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முக்கால் பக்கமும் நாம் மூச்சை விடாமல் இருக்கிறோம். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த வேகத்தில் நானும் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். மெழுகுவர்த்தி வைத்தேன். பொத்தான்களைக் கழற்றினேன். மழைகூடப் பெய்யவிட்டேன். புதன்கிழமை அனுப்பியும் விட்டேன்.

அனுப்பிய பிறகும் ஏன் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? நிரஞ்சனைப் பாதியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். அந்தப் பெண் மாரியூர்க்காரி. டவுனுக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறாளாம். புருஷன் கடலுக்குப் போகிறவர். சேர்ந்து படித்துவிட்டோம், இனி என்ன வெட்கம் என்று போனை நடுவில் பிடித்துக்கொண்டேன். இருவருமாகப் படித்தோம். முத்தம் வந்தது, அவள் அசரவில்லை. மூன்றாவது பொத்தான் கழன்றது, அதற்கும் அசரவில்லை. ஓர் இடத்தில் கதாநாயகி கண்ணை மூடிக்கொண்டு, "நிரஞ்சன்..." என்று கூப்பிட்டாள். இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

"புருசன் பேரச் சொல்லிட்டாளே யக்கா."

"முத்தம் குடுத்தப்ப ஒண்ணும் சொல்லாம வந்தியே?"

"அது எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான. பேரச் சொல்லுறதுன்னா..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. நான் ஒரு நாளும் சொன்னதில்ல. சொன்னா ஆயுசு குறையும்பாக. அவுக கடலுக்குப் போறவுக வேற. நீங்க சொல்லுவீகளா?"

நான் பதில் சொல்வதற்குள் சிக்கல் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

சிக்கல் எனக்குப் பிறந்த ஊர். தம்பி வீட்டில் காதுகுத்து. பந்தலுக்குள் நுழையும்போது கீர்த்தனா போன் செய்தாள்.

"மேடம், மழை இருக்கு, மெழுகுவர்த்தி இருக்கு, எல்லாம் சூப்பர். ஆனா அந்த உச்சத்துல ஹீரோயின் என்ன சொல்றா தெரியுமா? 'இந்தாங்க, இங்கன பாருங்க'ன்னு சொல்றா."

"ஆமா?"

"கேஸ் சிலிண்டர் வந்திருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம். பேரைச் சொல்ல வைங்க. திங்கட்கிழமை எனக்கு வேணும். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

பந்தியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என் கதாநாயகிகள் காதலிக்கும்போது தாராளமாகப் பெயர் சொல்கிறார்கள். கழுத்தில் தாலி ஏறியதும் 'ஏங்க', 'என்னங்க', 'இந்தாங்க'. ஒருத்திகூட விதிவிலக்கு இல்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், பைக் ஓட்டுகிறவள், அமெரிக்காவில் இருக்கிறவள்... யாருக்கும் வாய் வரவில்லை. இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன், எனக்கே இது தெரியாது.

எப்படி வரும்? எதிர்ப் பந்தியில் என் பெரியம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். பெரியப்பா பெயர் வெள்ளைச்சாமி. அதனால் பெரியம்மா வாயில் 'வெள்ளை' என்ற சொல்லே வராது. "அந்தா, பால் கலர் சேல கட்டியிருக்கே, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வடை வை" என்று அன்றைக்கும் சொன்னார். நான் வளர்ந்தது அந்த வீட்டில். என் வீட்டுக்காரர் பெயரை எத்தனையோ பாரத்தில் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

என் வாயில் வராதது என் பேனாவில் எப்படி வரும்? அப்படியானால் நான் முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் முயற்சி செய்தேன். சட்னி கூழாகிவிட்டது. பெயர் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. மத்தியானமும் ஆகிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை. அத்தியாயத்தைத் திறந்துவைத்தால் அந்த 'இந்தாங்க' என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஞாயிறு என்பதால் உரக்கடைக்கு லீவு. அவர் மாடியில் இருந்தார். எங்கள் கொல்லைக் காட்டில் பறித்த குண்டு மிளகாயைக் காயப்போட்டு, கையால் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முழுப் பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

மாடியிலிருந்து தடதடவென்று ஓடிவந்தார்.

"என்ன, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"வழுக்கி விழுந்துட்டியோன்னு பாத்தேன். பின்ன எதுக்குப் பேரச் சொன்ன?"

"கதைக்கு வேணும்... சொன்னா எப்படி இருக்குன்னு பாத்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அல்லது சிரிப்பார். இரண்டும் இல்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"எங்க ஆத்தா போனப்புறம் என்னைய யாரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல" என்றார். "கடையில அண்ணாச்சிம்பாக. மக அய்யாங்கும். நீ ஏங்க. பேங்க்ல டோக்கனுக்குக் கூப்புடுறதோட சரி."

இத்தனை வருஷமாக மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனுக்கு அவன் பெயர் இல்லாமல் ஆக்கியிருக்கிறோம் என்று யோசித்ததே இல்லை.

"இன்னொருவாட்டி கூப்புடு" என்றார்.

"ஆயுசு குறையும்பாக..."

"குறைஞ்சா குறையட்டும். கூப்புடு."

கூப்பிட்டேன். இந்த முறை சத்தமாக இல்லை. அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... நிரஞ்சன், அவன் பங்களா, அவன் பொத்தான் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் என் கன்னத்தைத் தொடக் கையைக் கொண்டுவந்தார். பாதியில் நிறுத்தினார். கையெல்லாம் மிளகாய். எழுந்து போய், சோப்புப் போட்டு, நிதானமாகக் கழுவிவிட்டு வந்தார். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றிருந்தேன். இதைவிடச் சூடான முக்கால் பக்கத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

மிச்சத்தை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுத முடியாது. சாயங்காலம் வரை அந்த மிளகாயை யாரும் திருப்பிப் போடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சூடான நாவல் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. அவர்களைப் படித்திருக்காவிட்டால் இந்தப் படிக்கட்டுக்கு நான் வந்திருக்கவே மாட்டேன். பொத்தான் எல்லார் வீட்டிலும் கழலத்தான் செய்கிறது. அந்தந்த வீட்டில் எதைச் செய்யப் பயப்படுகிறார்களோ, சூடு அங்கேதான் இருக்கிறது. அது ஒரு வீட்டில் முத்தமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அது நாலைந்து எழுத்து.

திங்கட்கிழமை விடிந்ததும் உட்கார்ந்து, அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். மழையை நிறுத்தினேன். மெழுகுவர்த்தியை அணைத்தேன். ஹீரோவுக்கு முன்பு வைத்திருந்த ஸ்டைலான பெயரையும் எடுத்துவிட்டேன். பதினோரு மணிக்குள் அனுப்பினேன். மத்தியானம் கீர்த்தனா கூப்பிட்டாள்.

"மேடம், உங்க மாசம் உங்களுக்குத்தான். இதுல ஒரு முத்தம்கூட இல்லை, எனக்கு ஏன் முகமெல்லாம் சூடாகுதுன்னு தெரியலை." கொஞ்சம் தயங்கினாள். "ஒரே ஒரு சின்ன மாற்றம். ஹீரோ பேரு ரொம்ப கிராமத்துப் பேரா இருக்கே. முதல்ல இருந்ததையே வச்சுடலாமா?"

"முடியாதும்மா" என்றேன். "அது எங்க வீட்டுக்காரரு பேரு. முனியசாமி."