பீஸ் கட்டை

பழைய கம்ப்யூட்டருக்குப் புது மெமரியும் எஸ்.எஸ்.டி.யும் போடலாம் என்று அதன் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தூசிக்கு நடுவில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

சின்ன வயதில், செஞ்சியில் கோட்டை மலைக்குப் பின்னால் இருந்த எங்கள் கிணற்று மோட்டார் கொட்டகையிலும் இதே நாற்றம்தான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி விழுந்து மோட்டார் நின்றுவிட்டால், நைனா முதலில் பீங்கான் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி என் கையில் கொடுப்பார். அவை இல்லாமல் பெட்டிக்குக் கரண்ட் வராது.

"யாரு கேட்டாலும் குடுக்காத. உங்கம்மா கேட்டாலும் குடுக்காத."

வெளியே பாறையில் உட்கார்ந்து அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். நைனாவின் உயிரே என் கையில் இருப்பதாக நினைப்பு.

ஒருநாள் உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது. "நைனா" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம். பாவாடை நனைந்துவிட்டது.

கடைசியில் அவர் தலை வெளியே வந்தது. "வாயில ஸ்க்ரூ வச்சிருந்தேன்மா. இன்னாத்துக்கு அழுவுற?"

இன்று பவர் வயரைப் பிடுங்கி மகளிடம் கொடுத்து, அடுத்த அறையில் உட்கார வைத்திருந்தேன். மெமரியை அழுத்திப் பொருத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது. கழற்றிய ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

"அம்மா" என்றாள். மெமரி பாதிதான் இறங்கியிருந்தது. இன்னும் அழுத்தினேன்.

"அம்மா."

இரண்டாவது முறை கேட்டது எனக்குத் தெரிந்த குரல், அன்று பாறையில் உட்கார்ந்து நைனாவைக் கூப்பிட்ட குரல். ஸ்க்ரூவைத் தரையில் துப்பிவிட்டு, "இருக்கேண்டி" என்றேன்.