வீட்டில் பனி

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்களிடம் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா சம்பளத்தைக் கேட்கவில்லை.

"நம்ம லயத்துல ஒரு புள்ள சேந்தாப்புல ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகலேன்னா ஆள் விட்டுக் கேப்பாக. இவுகளக் கேக்க ஆள் வராதா?"

வராது என்றேன். சின்னக்கானல் எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து பறித்தே என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தவள் அவள். காரில் வந்து குடியேறுகிறவர்களை ஏன் என்று கேட்க எங்கள் மலையில் ஆள் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

அவர்கள் சென்னையிலிருந்து வந்த சில குடும்பங்கள். நகரம் அலுத்துப்போய், டீத்தோட்டத்தைப் பார்த்த மாதிரி இருந்த விடுமுறை பங்களாக்களை வாடகைக்கு எடுத்து, இயற்கையோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இன்டர்நெட் நின்றுபோனால் மட்டும் இயற்கைமீது கோபம் வரும். பிள்ளைகளுக்கு மின்னணுவியல், தச்சு, வடிவமைப்பு எல்லாம் கையால் செய்து பழகிக்கொடுப்பது என் வேலை. ஆனால் நான் ஆசிரியை இல்லை. அந்தச் சொல்லில் அதிகாரம் இருக்கிறதாம். என் பதவிக்கு 'வழித்துணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், டீச்சர் என்று சொல்லக் கூடாது. "இங்கே ஆசிரியர் இல்லை, எல்லோரும் கற்பவர்கள்" என்று அழகான எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. நான் ஆசைப்பட்டுப் படித்ததே ஒருநாள் யாராவது என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள் என்றுதான். அந்தச் சட்டத்துக்கு அடியில் நின்றுதான் தினமும் வேலை செய்தேன்.

அவற்றில் ஒரு பங்களாவின் கார் ஷெட்தான் எங்கள் பட்டறை. பொருள்களையே அச்சடிக்கும் த்ரீடி பிரிண்டர் என்று ஒரு பெரிய மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள். மலையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் அது அதுவரை அரை யானையைத்தான் அச்சடித்திருந்தது. கைவேலைக்கென்று அட்டையை ஆன்லைனில் வரவழைப்பார்கள். அது வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடுவார்கள். சால்டரிங் செய்யும்போது வரும் புகை பிள்ளைகளுக்கு ஆகுமா என்று ஒரு தாய் கவலைப்பட்டார். ஈயத்தோடு சேர்ந்து உருகுவது பைன் மரத்துப் பிசின் என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் அவரே வந்து பக்கத்தில் நின்று மூச்சை இழுக்க ஆரம்பித்தார். ஜன்னலைத் திறந்துவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பிள்ளை தப்பாகச் செய்தால் திருத்தக் கூடாது. தவறுதான் குரு. செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி ஒன்றை ஒரு பையன் செய்தான், அதுவும் ஜூலை மாதத்தில். எங்கள் ஊரில் மழை விடாத ஜூலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது கடலில் உப்புப் போடுகிற மாதிரி. ஒயரையும் மாற்றி மாட்டியிருந்தான். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி கடைசிவரை வேலை செய்யவில்லை, செடியும் நன்றாக இருந்தது. பெற்றோர் எல்லோரும் கை தட்டினார்கள்.

பிள்ளைகளில், ஷெட் இருந்த பங்களாவிலேயே குடியிருந்த ஒரு சிறுமி இருந்தாள். பத்து, பதினோரு வயது இருக்கும். நல்ல கை. ஒயரின் தோலை அவள் உரித்தால் உள்ளே ஒரு இழைகூட அறுபடாது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது என்னைக் குசுகுசுவென்று "டீச்சர்" என்று கூப்பிடுவாள். கெட்ட வார்த்தை பேசிப் பழகுகிற பிள்ளையின் முகம் அப்போது அவளுக்கு.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கீழே எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். காலையில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஜீப் அந்தப் பங்களாவைத் தாண்டித்தான் இறங்கும். அந்த நேரத்தில் அவளுக்கு கேட் பக்கத்தில் ஏதாவது வேலை இருக்கும். பூ பறிப்பாள், இல்லாத பூனையைத் தேடுவாள். ஜீப்பிலிருந்து பிள்ளைகள் கை காட்டினால் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டில் கேட்டும் பார்த்தாள். பிள்ளை சொல்வதுதான் சட்டம் என்கிற வீடு. அதனால் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதை ஒரு செயல்திட்டமாக எழுதி எல்லோர் முன்னாலும் விளக்கு என்றார்கள். பிரச்சினை என்ன, பயனாளர் யார், தீர்வு என்ன, சோதனை என்ன என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்து நின்றாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் அப்பா மிக மென்மையாகச் சொன்னார்.

"கண்ணம்மா, அங்க நீ கூட்டத்துல ஒரு ஆளு. நீ ஒருநாள் வரலைன்னா அங்க யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நீ சொல்றது உன்னோட அனுமானம். சோதிச்சுப் பார்த்த ஆதாரம் எங்க இருக்கு?"

அவள் கட்டம் போட்ட தாளை மடித்துக்கொண்டாள். திருத்தக் கூடாது என்ற சட்டம் அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள் போலும்.

அந்த டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் மலையில் காய்ச்சலைப் பனி என்றும் சொல்வோம். மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். டீச்செடிமேல் உறைகிற பனியும் எங்களுக்குப் பனிதான். எது எந்தப் பனி என்று எங்களுக்குள் குழப்பம் வந்ததே இல்லை. பழக்கதோஷத்தில் சிறுமியின் அம்மாவுக்கு, "பனி, இன்னைக்கு வர முடியாது" என்று மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது: "இங்கயும் செம பனி. ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க, என்ஜாய் பண்ணலாம்."

வந்த ஆத்திரத்தில் விளக்கம் சொல்லவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உடம்பு கொதிக்கக் கொதிக்கப் போய் உட்கார்ந்தேன். "நீங்க இந்த ஊர்தானே, பனிக்கு இப்படி நடுங்கறீங்களே" என்றார் அந்த அம்மா. கண்டுபிடித்தவள் சிறுமிதான். ஸ்க்ரூடிரைவரை வாங்கும்போது விரல் பட்டுவிட்டது.

"டீச்சர், கை சுடுது."

"பனி."

"பனின்னா சில்லுன்னுதானே இருக்கும்?"

சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து போனில் 'வீட்டில் பனி' என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவார்கள், டீச்சர்மாருக்கு அதுதான் லீவு லெட்டர் என்பதையும் சொன்னேன். விக்கல் வரும்வரை சிரித்தாள். பிறகு எழுந்துபோய் எனக்கு வெந்நீர் கொண்டுவந்தாள்.

ஜனவரி பிறந்ததும் எல்லோரும் ஊருக்குப் பயன்படும்படி ஒரு கருவி செய்ய வேண்டும் என்றார்கள். சிறுமி பனிப்பெட்டி செய்தாள். வெளியே குளிர் நாலு டிகிரிக்குக் கீழே இறங்கினால், உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாகப் பெட்டியே சில எண்களுக்கு மெசேஜ் அனுப்பும். உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடும் என்பதால் நல்ல யோசனைதான். அந்த மலிவான சர்க்யூட்டுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அவள் தட்டினாள்: வீட்டில் பனி. கூடவே பங்களாவின் பெயர். பிறகு எண்கள். அப்பா, அம்மா, நான். கடைசியாக ஒரு எண், அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட் பள்ளிக்கூடத்து கேட்டில் பெயிண்டால் எழுதியிருக்கிற எண் அது.

அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். திருத்தக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மதித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் மனதார மதித்த ஒரே சட்டம் அதுதான்.

அந்த வாரம் முழுக்கக் கடுங்குளிர். தினமும் விடிவதற்குள் மெசேஜ் வந்துவிடும். பெட்டி பிரமாதமாக வேலை செய்கிறது என்று அப்பா படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை மேடேறி வந்தார். பீர்மேட்டுக்காரர், அதுவும் டீ மலைதான்; மூட்டுவலி உள்ளவர். மூச்சு வாங்க கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பாக்கெட் ரொட்டி. சிறுமியின் அம்மா மலர்ந்த முகத்தோடு போய் வரவேற்றார். நான் ஷெட் வாசலில் நின்றேன்.

"புள்ளைக்குப் பனி எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு மேடம். குழந்தைங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. காலையில எந்திரிச்சதும் புல்லுல போய் உருளறாங்க."

தலைமை ஆசிரியை ரொட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பனியோடயா புல்லுல உருள விடுறீக?"

"நாங்க எதையும் தடுக்கறதில்ல மேடம். அவங்களே அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கணும்."

"எவ்வளவு இருக்கு?"

"இன்னைக்கு மூணு டிகிரி."

"தெர்மாமீட்டரு கெட்டுப்போச்சு போல. மருந்து எதும் குடுத்தீகளா?"

"மருந்தா? கெமிக்கல் எதுவும் நாங்க வீட்டுக்குள்ள விடறதே இல்ல."

தலைமை ஆசிரியையின் முகத்தில் பயம் தெரிந்தது. "அந்தப் புள்ளைய முதல்ல எனக்குக் காட்டுங்க" என்றார். அந்தக் குரலுக்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசிப் பழகியிருக்கவில்லை. அப்பாவும் உள்ளேயிருந்து வந்துவிட்டார். சிறுமி தானாகவே வந்து முன்னால் நின்றாள். தலைமை ஆசிரியை புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார், கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"சில்லுன்னுல்ல இருக்கு. யாருக்குத்தான் பனி?"

அப்புறம்தான் நான் போய் இரண்டு பனியையும் பிரித்துச் சொன்னேன். எல்லோரையும் ஷெட்டுக்குள் கூட்டிப்போய்ப் பெட்டியையும் காட்டினேன். தலைமை ஆசிரியை அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தெனமும் லீவு மெசேஜ் வருது. எந்தக் கிளாசுல கேட்டாலும் எங்க புள்ள இல்லைங்குறாக. அந்த நம்பருக்குப் போன் போட்டா எடுக்க ஆளில்ல. ரெஜிஸ்டர்லயும் பேரு இல்ல. புதுசா வந்த வாட்ச்மேன் புள்ளையா இருக்கும், சேக்காம விட்டுட்டாக, காய்ச்சலா வேற கெடக்குதுன்னு நெனச்சு வந்தேன்."

அப்பாவுக்கு முகம் சிவந்தாலும் சமாளித்துக்கொண்டார். "பாத்தியா கண்ணம்மா, பயனாளரோட மொழி தெரியாம வடிவமைச்சா இப்படித்தான் ஆகும். நல்ல பாடம்."

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பனின்னா காய்ச்சல்னு தெரியும். நான் வரலைன்னா அங்க யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல. ஆதாரம் கேட்டீங்கல்ல." ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினாள். "நான் இன்னும் சேரக்கூட இல்ல. அதுக்கே வந்துட்டாங்க."

அப்பா வாயைத் திறந்தார். இதைப் பற்றி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும் என்று தொடங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த அம்மாவின் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். அதுவரை அவரைப் பற்றி நான் நினைத்ததில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியைக்கு வட்டத்தில் உட்கார நேரமில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ரொட்டிப் பாக்கெட்டைச் சிறுமியின் கையில் வைத்தார்.

"திங்கக்கெழமை ஜீப்புல வந்துரு. வரலேன்னா மறுபடியும் ஏறி வருவேன். வந்தா என் முட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சரி டீச்சர்" என்றாள் சிறுமி.

'இங்கே ஆசிரியர் இல்லை' என்று சுவரில் மாட்டியிருந்த சட்டத்துக்கு நேர் எதிரில், வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எனக்கு எப்போதும் குசுகுசுவென்று மட்டுமே கிடைத்த சொல் அது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.